அச்சுக்குப் போகிற துப்பு

பத்திரிகையாளரைத் துப்பறிவாளராக்கியவர் ஸ்வீடிஷ் நாவலாசிரியர் ஸ்டீக் லார்சன்தான். நாளிதழ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் இந்நாளில் அந்தப் பாத்திரத்துக்கும் ஆயுள் முடிந்தது, இனி பாட்காஸ்ட்காரர்களின் காலம். குற்றப்புனைவு பற்றிய பேச்சில் இப்போது இப்படிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதில் முதல் பாதி வரலாற்றுப் பிழை. இரண்டாம் பாதி அதைவிட மோசம். அந்தப் பாத்திரம் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதையே அது கவனிக்கவில்லை.

லார்சனுக்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே, 1907-இல், கஸ்தோன் லெரூவின் 'மஞ்சள் அறையின் மர்மம்' ருலெதபீய் என்ற பதினெட்டு வயது நிருபனைக் களத்தில் இறக்கிவிட்டது. லெரூவே 'லெ மதான்' நாளிதழுக்கு நீதிமன்றச் செய்திகள் எழுதியவர். ஆனாலும் ருலெதபீய்க்கு நிருபர் வேலை என்பது பூட்டிய அறைக்குள் போக ஒரு அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். 1913-இல் வந்த ஈ. சி. பென்ட்லியின் 'ட்ரென்ட்டின் கடைசி வழக்கு' இன்னும் சுவாரசியமானது. பத்திரிகைக்காகக் கொலையைத் துப்பறியப் போகும் ஓவியர் ட்ரென்ட், கண்டுபிடித்ததையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, ஆசிரியருக்கு அனுப்பாமல் இறந்தவரின் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருடைய விடை தவறு என்பது பிறகுதான் தெரிகிறது. அச்சேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்த வகையின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. போலீஸ்காரர் கொலையாளியைக் கண்டுபிடித்தால் கைது செய்வார். தனியார் துப்பறிவாளர் கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொள்வார். நிருபருக்கோ அதற்குப் பிறகுதான் சிக்கலே: போடலாமா, யார் பெயரைப் போடுவது, சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிப் போடுவது, செய்தி ஆசிரியர் விடுவாரா, அவதூறு வழக்கு வருமா, அதற்குள் போட்டிப் பத்திரிகை முந்திக்கொள்ளுமா?

அமெரிக்க மலிவு இதழ்க் கதைகளின் புகைப்படக்கார நாயகர்களையும், பூனை வளர்த்துக்கொண்டே துப்பறிந்த லிலியன் ஜாக்சன் பிரானின் குவில்லரனையும் தாண்டிப் போய்விடலாம். கிரகரி மெக்டொனால்டின் 'ஃபிளெட்ச்' (1974) உரையாடலுக்காக மட்டும் இன்றும் படிக்கத் தகும். தாண்ட முடியாதது கென்னத் ஃபியரிங்கின் 'பெரிய கடிகாரம்' (1946). ஜார்ஜ் ஸ்ட்ரௌட் ஒரு பெரிய இதழ் நிறுவனத்தில் குற்றச் செய்தி இதழின் ஆசிரியர். முதலாளி தன் காதலியைக் கொன்றுவிடுகிறார். அன்றிரவு அந்தப் பெண்ணோடு இருந்த அடையாளம் தெரியாத ஆளைத் தேடிப் பிடிக்கும் வேலையை ஸ்ட்ரௌட்டிடமே ஒப்படைக்கிறார். அந்த ஆள் ஸ்ட்ரௌட்தான்! தன் நிருபர்கள் திறமைசாலிகளாக இருக்கக்கூடாதே என்று ஓர் ஆசிரியர் வேண்டிக்கொள்ளும் நாவல் வேறு எங்கே இருக்கிறது? செய்தி நிறுவனம் உண்மையைத் தேடும் கருவி மட்டுமில்லை, அதற்கு ஒரு முதலாளியும் உண்டு என்பதை இந்த வகையில் இவ்வளவு குரூரமாகச் சொன்னவர் ஃபியரிங்.

ஸ்வீடனிலும் லார்சன் முதலாமவர் இல்லை. முன்னாள் பத்திரிகையாளரான லிசா மார்க்லுண்டின் 'குண்டுவைப்பவர்' 1998-இலேயே வந்துவிட்டது. மாலை நாளிதழின் குற்றச் செய்திப் பிரிவுத் தலைவி அன்னிகா பெங்ட்சன், ஒலிம்பிக் அரங்கில் வெடித்த குண்டோடும், தன் பதவியைச் சகிக்காத ஆண் சகாக்களோடும், வீட்டில் காத்திருக்கும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிறாள். 2005-இல் வந்த லார்சனின் பத்திரிகையாளர் நாயகன் ப்ளூம்க்விஸ்ட்டுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் கிடையாது. 'மில்லேனியம்' இதழில் அவருக்கே பங்கு உண்டு. அவதூறு வழக்கில் தோற்றுச் சிறைக்குப் போவதுகூட வீரனின் தழும்பாகவே வந்து சேர்கிறது. முதல் நாவலின் இறுதியில், தான் துப்பறிந்த வாங்கர் குடும்பத்துத் தொடர்கொலைகளைப் பற்றி எழுதாமலிருக்க அவர் சம்மதிக்கிறார். ஒரு பத்திரிகையாளர் இதைவிடப் பெரிய செய்தியை அமுக்க முடியாது. அந்த இடத்தில் நின்று தவித்திருக்க வேண்டிய நாவல், சில பக்கங்களில் சமாதானம் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் சாகசத்துக்கு ஓடிவிடுகிறது.

இந்த விஷயத்தில் மைக்கேல் கானலி ஓரளவு நேர்மையானவர். 'சோளக்கொல்லை பொம்மை' (2009) நாவலில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நிருபர் ஜாக் மெக்கெவாயை வேலையைவிட்டு அனுப்புகிறது. அதற்கு முன் குறைந்த சம்பளத்துக்கு வரும் இளம் நிருபரைப் பழக்கிவிட அவருக்கு இரண்டு வாரம் தருகிறது. கொலையாளியைவிட அந்த இரண்டு வாரம்தான் மனதில் நிற்கிறது.

ஆனால் லார்சன் வெளிவந்த அதே 2005-இல், அவருக்குக் கிடைத்த ஆரவாரத்தில் ஒரு துளியும் கிடைக்காமல், இந்த வகையின் ஆகச் சிறந்த நாவல் கிளாஸ்கோவிலிருந்து வந்தது: டெனிஸ் மைனாவின் 'ரத்தக் களம்'. ஆண்டு 1981. பட்ரிஷியா மீஹனுக்கும் ருலெதபீயின் அதே பதினெட்டு வயதுதான். ஆனால் அவள் நிருபர்கூட இல்லை. செய்தியறை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, யார் கூப்பிட்டாலும் ஓடுகிற எடுபிடி. ஒரு குழந்தையைக் கொன்றதாகப் பிடிபட்ட சிறுவர்களில் ஒருவன் தனக்கு நிச்சயிக்கப்பட்டவனின் உறவுப் பையன் என்று தெரிந்ததும், மனம் தாங்காமல் சக ஊழியை ஒருத்தியிடம் சொல்லிவிடுகிறாள். அவள் அதைச் செய்தியாக்குகிறாள். மீஹனின் கத்தோலிக்கக் குடும்பம், அவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று முடிவுகட்டி, வீட்டுக்குள்ளேயே அவளோடு பேச்சை நிறுத்திவிடுகிறது. பிறகு விசாரிக்கப் போகும் இடத்தில் மீஹன் அந்தச் சக ஊழியின் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறாள். அந்தப் பெயருக்கு உரியவள் கொல்லப்படுகிறாள்.

மீஹன் என்ற பெயருக்குப் பின்னால் நிஜ வழக்கு ஒன்று இருக்கிறது. செய்யாத கொலைக்காக 1969-இல் தண்டிக்கப்பட்ட பேட்ரிக் மீஹன், பத்திரிகையாளர் லுடோவிக் கென்னடி உள்ளிட்டோர் விடாமல் போராடியதால் 1976-இல் மன்னிப்புப் பெற்றார். நாவலின் மீஹன் தன் பெயர்கொண்ட அந்த மனிதரின் கதையைக் கேட்டே பத்திரிகைக் கனவோடு வளர்ந்தவள். அந்தக் கனவையும் அவள் பார்க்கும் எடுபிடி வேலையையும் மைனா பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார், எதையும் விளக்குவதில்லை.

அடுத்த நாவலில் (2006) மீஹன் இரவுப்பணி நிருபர். போலீஸ் வந்து நிற்கும் ஒரு பங்களாவின் வாசலுக்கு உள்ளே அடிபட்ட முகத்தோடு ஒரு பெண் நிற்கிறாள். செய்தி வெளியே வரவேண்டாம் என்று ஒருவன் ஐம்பது பவுண்ட் நோட்டை மீஹன் கையில் திணிக்கிறான். வீட்டில் இவள் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. வாங்கிக்கொள்கிறாள். மறுநாள் அந்தப் பெண் பிணமாகக் கிடைக்கிறாள். ப்ளூம்க்விஸ்ட் இப்படி ஒரு நோட்டைத் தொட்டிருப்பாரா? லார்சன் அந்த வாசலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கவே மாட்டார்.

பாட்காஸ்ட்காரர்கள் வாரிசாக வரட்டும். மைனாவே 'கன்விக்‌ஷன்' (2019) நாவலை ஒரு பாட்காஸ்ட்டிலிருந்துதான் தொடங்குகிறார். ஆனால் செய்தியைத் தடுக்க ஒரு ஆசிரியரும், விலை பேச ஒருவனும், வெளியானால் முகம் கொடுக்க ஒரு குடும்பமும் அவர்களுக்கும் வேண்டும். மீஹன் வரிசை 2007-இல் மூன்றாவது நாவலோடு நின்றது. அதில் அவள் பெயர்பெற்ற பத்தி எழுத்தாளர். முதல் நாவலில் பிடிபட்ட அந்தச் சிறுவன் வளர்ந்து விடுதலையாகும் காலம் அது. அவனுடைய பேட்டிக்காக எல்லாப் பத்திரிகைகளும் அலைகின்றன, அவனிடம் போகிற வழி தெரிந்தவள் அவள்.