டால்பின் கணக்கும் படகின் வழித்தடமும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே உள்ள மோரே ஃபர்த் கடல், பாட்டில்மூக்கு டால்பின்கள் நிலையாக வாழும் இடங்களில் உலகின் மிக வடக்கு எல்லையை ஒட்டியது. அங்கே எத்தனை டால்பின்கள்? 1992ஆம் ஆண்டுப் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் சொன்ன விடை 129. கூடவே, 110 முதல் 174 வரை எதுவாகவும் இருக்கலாம் என்ற வரம்பையும் சொன்னார்கள். இந்த எண்ணை அவர்கள் பெற்ற முறை, கரையோர டால்பின்களைக் கணக்கிட இன்று நம்மிடம் உள்ளவற்றில் சிறந்தது என்பதே என் கருத்து. குறை, அந்த முறையை எந்த நீர்ப்பரப்பில் பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

டால்பின்கள் ஒன்றையொன்று கடிப்பதால் முதுகுத் துடுப்பின் பின்னோரத்தில் வெட்டுகள் விழும். தோல் கீறல் ஆறிவிடும். ஓரம் பிய்ந்தால் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும். 1970களில் அர்ஜென்டினாக் கரையில் ஆய்வாளர்களான வூர்சிக் தம்பதி இந்த வெட்டுகளைப் படம்பிடித்து 50க்கும் மேற்பட்ட டால்பின்களைத் தனித்தனியே இனங்கண்டு 1977இல் வெளியிட்டார்கள். வலை வேண்டாம், விலங்கைத் தொட வேண்டாம். எண்ணிக்கையோடு, எந்தத் தாய் எப்போது ஈன்றது, எது எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதும் கிடைக்கும். மேலிருந்து எண்ணும் விமானக் கணக்கெடுப்பு இதைத் தராது; சிறு கூட்டமாகக் கரையை ஒட்டித் திரியும் விலங்குகள் அதன் கண்ணில் படுவதும் அரிது.

படங்களிலிருந்து எண்ணிக்கை வரும் வழியை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். முதல் சுற்றில் வடுவுள்ள 40 டால்பின்கள் படத்தில் விழுகின்றன. இரண்டாம் சுற்றில் 50. அவற்றில் 20 முன்பே பார்த்தவை. 40ஐ 50ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால், வடுவுள்ளவை மொத்தம் 100. படங்களில் பாதித் துடுப்புகள் வடுவில்லாமல் வழவழப்பாக இருந்தால் கூட்டம் 200. இப்போது, மங்கலான படங்களால் அந்த 20இல் 4 டால்பின்களைப் புதியவை என்று தவறாக எழுதிவிட்டோம் என்று வையுங்கள். வகுக்கும் எண் 16 ஆகிறது, விடை 250. நான்கே தவறுகள், கடலில் இல்லாத 50 டால்பின்களைக் காகிதத்தில் பிறப்பித்துவிடும். தெளிவில்லாத படங்களை ஈவிரக்கமின்றி ஒதுக்கும் ஆய்வாளர்களை இதனாலேயே நான் மதிக்கிறேன். எதிர்த்திசைப் பிழையும் உண்டு: சில டால்பின்கள் படமெடுக்கும் படகு போகும் வழியிலேயே திரியும், சில எட்டியே பார்க்காது. அப்போது முன்பு பார்த்தவையே திரும்பத் திரும்பப் படத்தில் விழ, கணக்கு குறைந்துபோகும்.

இந்தப் பிழைகளைப் புள்ளியியல் ஓரளவு திருத்தும். படகே போகாத கடலை அதனால் திருத்த முடியாது. மோரே ஃபர்த்தில் தொடக்க ஆண்டுகளின் ஆய்வு பெரும்பாலும் உட்பகுதியில், சால்மன் மீன் நுழையும் குறுகிய நீர்வழிகளில், கோடை மாதங்களில் நடந்தது. டால்பின்கள் அங்கே கூடும் என்பதால் அது நியாயமான தேர்வுதான். ஆனால் 1990களில் அவை தெற்கே செயின்ட் ஆண்ட்ரூஸ், டே ஆற்றுமுகம் வரை வாழிடத்தை விரித்துக்கொண்டன. பின்னர் மோரே ஃபர்த் பகுதியில் சேற்றில் கரையொதுங்கி வெயிலில் தோல் பொசுங்கிய ‘ஸ்பர்ட்டில்’ என்ற இளம் டால்பின், விலாவில் அந்தத் தழும்போடு, சில ஆண்டுகள் கழித்து அயர்லாந்துக் கரையில் படமாக்கப்பட்டது. உட்பகுதியில் மட்டும் நின்று எண்ணுபவருக்கு இடம்பெயர்ந்த டால்பினும் செத்த டால்பினும் ஒன்றே; இரண்டும் படத்தில் இல்லை.

இதன் விளைவு காகிதத்தோடு நிற்பதில்லை. 2005இல் மோரே ஃபர்த் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியானது. சட்டம் கேட்பது அந்த எல்லைக்குள் என்ன நிலவரம் என்பதை. பணமும் படகும் அங்கேதான் போகும். பின்னர் கிழக்குக் கரை முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது சுமார் 195 என்று வந்தது. 2014இல் வெளியான ஆய்வு, கூட்டம் குறையவில்லை, பெருகியும் இருக்கலாம், ஆனால் பாதுகாப்புப் பகுதியைப் பயன்படுத்தும் டால்பின்களின் விகிதம் சரிந்திருக்கிறது என்று காட்டியது. எல்லைக்கு வெளியே துறைமுகப் பணிக்கோ காற்றாலைக்கோ அனுமதி தரும் அதிகாரி எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

கடலடியில் வைக்கும் ஒலிப்பதிவுக் கருவிகள் ஓரளவு கைகொடுக்கும். இரவிலும் குளிர்காலப் புயலிலும், படகு போக முடியாத நாளிலும் டால்பின் வந்ததைச் சொல்லும். எத்தனை, எது என்று சொல்லாது. கேமராவுக்கு மாற்றாக அல்ல, கேமரா போகாத இடத்துக்கு அவற்றை இறக்க வேண்டும்.

பல பத்தாண்டுகளாக ஒரே கூட்டத்தைப் பின்தொடர்ந்த மோரே ஃபர்த் ஆய்வாளர்களே இந்தக் குறையைக் கண்டு எழுதினார்கள் என்பது அந்த உழைப்பின் பெருமை. நீண்ட காலப் படத்தொகுப்பு இல்லாவிட்டால் தெற்கே போனவை இங்கிருந்து போனவை என்றே தெரிந்திருக்காது. ஆகவே முறையைக் கைவிடச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. எந்த டால்பின் கணக்கும் அதன் வரம்போடும், படகு எந்த மாதம் எந்த வழியில் போனது என்ற வரைபடத்தோடும் சேர்த்தே வெளியாக வேண்டும். அவை இரண்டும் இல்லாத எண்ணை வைத்து எந்தக் கடற்பகுதிக்கும் அனுமதி வழங்கக் கூடாது.