நிலம், காட்சி, வேலை செய்கிறவன்

காற்றாலைப் பண்ணைகளின் 'காட்சிப் பாதிப்பை'க் குறைப்பது பற்றி நண்பர்கள் கூட்டமொன்றில் பேசப்போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கரியும் அணுவும் மனுசனைக் கொல்லும்போது காற்றாடி அழகாயில்லையேன்னு வருத்தப்படுவது நடுத்தர வர்க்கச் சொகுசு என்றார் ஒருவர். மலையின் புனிதமே கெட்டுப்போச்சு என்றார் இன்னொருவர். எதிரெதிராகப் பேசினாலும் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். நிலத்தைப் பார்ப்பது ஓய்வாக இருப்பவனின் காரியம் என்பதை இருவருமே ஒப்புக்கொண்டாயிற்று.

இந்த ஒப்புதல் வல்லுநர் சொல்லாடலிலும் இருக்கிறது. நிலக்காட்சிப் பாதிப்பை அளப்பதற்கு பிரிட்டனில் 1995இல் ஒரு வழிகாட்டி நூல் வந்தது. 2013இல் மூன்றாம் பதிப்பு. கோபுரம் எங்கிருந்தெல்லாம் கண்ணில் படும் என வரைபடம் போடுகிறார்கள். இன்னும் நிறுவாத ஆலையைப் புகைப்படத்தில் ஒட்டிப் பார்க்கிறார்கள். பிறகு பார்ப்பவர்களை 'உணர்திறன்' அடிப்படையில் தரம் பிரிக்கிறார்கள். வீட்டில் இருப்பவரும் காட்சி காண நடப்பவரும் மேலே. வேலையிடத்தில் இருப்பவர், கவனமெல்லாம் வேலையில் என்பதால், கீழே. சில வேலைகளுக்கு விலக்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் விதி விதிதான்: உழைக்கிறவனுக்குக் கண் குறைவு.

நமது மரபு இதைத் தலைகீழாக வைத்திருந்தது. தொல்காப்பியம் அடுக்கும் கருப்பொருள்களில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் இவற்றோடு தொழிலும் உண்டு. தள்ளி நின்று ரசிக்கும் 'காட்சி' என்று தனியாக ஒன்று கிடையாது. இதை வைத்துப் பழம்பெருமை பேசிவிடலாம், சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. திணை என்ற சொல்லைச் சுவரொட்டியில் அடித்துத் தேய்த்தவர்கள் நாம்தான்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போவோம். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு பாயும் வழி அது. அங்கே முப்பந்தலில் தொண்ணூறுகளில் நட்ட இயந்திரங்கள் அநேகம் 250 கிலோவாட்டும் அதற்குக் குறைவும். பின்னல் கோபுரம் பக்கத்தில் குழாய்க் கோபுரம், ஒரு குட்டை, ஒரு நெட்டை, குறுக்கும் நெடுக்கும் கம்பி. சினிமாக்காரர்கள் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். ஆனால் இந்தக் கலைந்த காட்சியை வரைந்தது யார்? பெருமளவுக்கு வருமானவரிச் சட்டம். இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை அன்று இருந்தது. மில்காரர்களும் சிமெண்ட்காரர்களும் மின்சாரத்தோடு வரிக்கழிவையும் சேர்த்தே வாங்கினார்கள். ஒரே உயரம், ஒரே வகை, ஒரே திசையில் சுழற்சி, மங்கலான சாம்பல் நிறம், மண்ணுக்கடியில் கம்பி என்று காட்சிப் பாதிப்பைக் குறைக்கும் உத்திகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தனித்தனி முதலாளி தனித்தனியாக நடும் இடத்தில் அவற்றை யார் யாரிடம் கேட்பது?

ஊர்க்காரர்கள் கேட்கலாமே என்றால் அதற்கும் வாசல் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் காற்றாலை வரவில்லை. ஆகவே அதன்படியான பொதுக் கருத்துக்கேட்பும் இல்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே, கடலில், ஓர் உதாரணம் நிற்கிறது. மிட்டல்குருண்டன் பண்ணைக்கு முதலில் போட்ட திட்டம் மூன்று வரிசையில் 27 ஆலை. மக்கள் கருத்துக்குப் பிறகு அது 20 ஆலைகளாகி, நகரத்தின் பழைய அரண் வளைவைப் பின்பற்றி ஒரே வில்லாக 2000இல் எழுந்தது. பாதிப் பண்ணை கூட்டுறவுக்குச் சொந்தம். எட்டாயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள். பார்க்கிறவனே பங்குதாரன். அந்த வில்லின் அழகுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வளைவை மட்டும் நகலெடுத்து வந்து என்ன பிரயோசனம்?

கணவாயில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம், "மலையை மறைக்குதேன்னு வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன். கேள்வியே ரயில் ஜன்னலோரத்துக் கேள்வி என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் சிரித்தார். "மலை எங்க தம்பி போச்சு, அங்கனேதான நிக்கி? வழியத்தாம் மறிச்சுட்டானுவ. முன்ன இந்தால ஓடையோட ஏறிருவேன். இப்பம் வேலி கெடக்கு, சுத்திப் போணும்." பிறகு இறக்கைகளைக் காட்டி, சாயங்காலம் நிழல் சுத்தினால் குட்டிகள் மிரளும், இன்னின்ன இயந்திரம் நின்றால் காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றெல்லாம் சொன்னார். உணர்திறன் பட்டியலின் கடைசி ஆள் பார்த்த அளவுக்கு அன்று நான் பார்க்கவில்லை.

இது இப்போது அவசரமான விஷயம். பழைய காற்றாலைகளைக் கழற்றி, குறைந்த எண்ணிக்கையில் பெரியவற்றை நடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. ஆலைகள் குறையும், இறக்கை மெதுவாகச் சுழலும், கண்ணுக்கு நல்லதுதான். உயரம் கூடும், இரவில் சிவப்பு விளக்கு எரியும். வேலி எங்கே, பாதை எங்கே என்பதை இந்தச் சமயத்திலாவது ஆடு மேய்ப்பவரையும் பக்கத்துத் தோவாளையில் பூப் பறிப்பவரையும் உட்கார வைத்து வரையச் சொல்ல முடியுமா? நண்பர்கள் அழகு வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இதைச் சொன்னபோது பெரியவர் கேட்டது வேறு. "பழசப் பிடுங்குனா, அடியில போட்ட காங்கிரீட்டயும் சேத்து எடுப்பானுவளா, இல்ல அப்படியே போட்டுட்டுப் போயிருவானுவளா?"