'ட்யூப் லீக்' ஒரு காரணமா?

மத்திய மின்சார ஆணையம் தினமும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. நாட்டில் எந்த அனல்மின் யூனிட் நின்றது, எப்போது நின்றது, ஏன், எப்போது திரும்ப ஓடும் என்ற விவரம். வேப்பம்பட்டுக்கு வடகிழக்கே அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை, அதை ஒட்டிய வல்லூர் இரண்டும் அதில் உண்டு. இந்தப் பதிவு அந்தப் பட்டியல் மீதான விமர்சனம்.

இப்படி ஒன்று பொதுவில் கிடைப்பதே பெரிய விஷயம், அதில் சந்தேகமில்லை. பிரச்சினை 'காரணம்' என்கிற பத்தியில்தான். வாட்டர் வால் ட்யூப் லீக்கேஜ், எகனாமைசர் ட்யூப் லீக்கேஜ் என்று திரும்பத் திரும்ப வரும். இதெல்லாம் காரணமே இல்லைங்க, அறிகுறி. எங்கள் துறையில் "சர்வர் நின்றது, ரீஸ்டார்ட் செய்தோம், இப்ப ஓடுது" என்று எழுதி டிக்கெட்டை மூடுவார்களே, அந்த ரகம்.

ஒரு ட்யூப் ஏன் ஓட்டையாகிறது? ஒடிசாவின் தால்சர் பக்கத்திலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியில் சாம்பல் மிக அதிகம். எரிந்த காற்றோடு பறக்கும் அந்தச் சாம்பல், எகனாமைசர் ட்யூபை உப்புத்தாள் போலத் தேய்க்கும். எங்காவது அடைத்துக்கொண்டு மிச்ச வழியில் காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் தேய்மானம் வெகுவாகக் கூடும். இது ஒரு கதை.

இன்னொன்று முற்றிலும் வேறு. வடசென்னையில் கண்டன்சரைக் குளிர்விப்பது கடல்நீர். கண்டன்சருக்குள் வெற்றிடம் இருப்பதால், அதன் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலே கடல்நீர் உள்ளே உறிஞ்சப்படும். ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரைடு மட்டும் 19 கிராம். பாய்லர் தண்ணீரிலோ அழுக்கைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் பார்ப்பார்கள். படிவுக்கு அடியில் குளோரைடு சேர்ந்து அமிலமாகி இரும்பை உள்ளிருந்தே நொறுங்க வைக்கும். மாதங்கள் கழித்து வாட்டர் வால் ட்யூப் வெடித்தால், பட்டியலில் வருவது அதே சொற்கள்தான். முதல் கதைக்கு ட்யூபின் தடிமனை அளக்க வேண்டும், இரண்டாவதற்குத் தண்ணீர் லேபைக் கேட்க வேண்டும். பத்தியில் இரண்டும் ஒன்றாகிவிட்டால் யாரைக் கேட்பது?

அடுத்த குறை இன்னும் பெரியது. யூனிட்டை நிறுத்தாத பழுது இந்தப் பட்டியலுக்குள் வரவே வராது. வடசென்னையிலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். இறால் பிடிப்பவர்களுக்கு அதுதான் தலைபோகிற பராமரிப்புக் கோளாறு. ஆனால் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது. எனவே பட்டியலைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை.

கணக்கும் பராமரிப்புக்கு எதிராகத்தான் இருக்கிறது. வல்லூர் மாதிரி நிலையங்களுக்கு மத்திய ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கும் தயார்நிலை அளவுகோல் ஆண்டுக்கு 85 சதவீதம். அதை எட்டினால்தான் நிலைச்செலவு முழுதாகக் கிடைக்கும். மிச்சமிருக்கும் 15 சதவீதத்தில், 35 நாள் ஓவர்ஹால் ஒன்றே 9.6 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். திட்டமிட்டு நிறுத்திய நாளுக்கும் உடைந்து நின்ற நாளுக்கும் இந்தக் கணக்கில் ஒரே விலை. அப்படியிருக்க, "இந்த வாரம் தள்ளிடலாம்" என்று சொல்பவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒழுகும் ட்யூபிலிருந்து பீறிடும் நீராவி பக்கத்து ட்யூப்களையும் அறுத்துவிடும் என்று அவருக்கும் தெரியும்.

தள்ளிப்போடுவதன் விலை உஞ்சஹாரில் தெரிந்தது. 2017 நவம்பர் 1 அன்று 500 மெகாவாட் ஆறாவது யூனிட்டில், உலையின் அடியில் சாம்பல் அடைத்து மலையாகச் சேர்ந்தது. யூனிட்டை முழுதாக நிறுத்தாமலே அதை நீக்கப் பார்த்தார்கள். 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது பழைய யூனிட்டும் இல்லை, அந்த ஆண்டுதான் வணிக உற்பத்திக்கு வந்தது. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 ஒரு பாய்லர் விபத்து, ஜூலை 1 இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம்கூட இல்லை. ஜூலையில் அன்றைக்கே ஆறு பேர் போனார்கள், பிறகு எண்ணிக்கை கூடியது. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர்.

வடசென்னையின் முதல் மூன்று 210 மெகாவாட் யூனிட்களும் 1994 முதல் 1996-க்குள் வந்தவை. பாய்லர் விதிகளின்படி ஒரு லட்சம் மணி நேரம் ஓடிய பாய்லருக்கு மிச்ச ஆயுளைச் சோதிக்க வேண்டும். இடைவிடாமல் ஓடினால் அது பதினொன்றரை ஆண்டு. இப்போது பகலில் சோலார் வருவதால் அனல் யூனிட்களை 55 சதவீதத்துக்கும், படிப்படியாக 40-க்கும் இறக்கி ஏற்றச் சொல்கிறது 2023-ல் வந்த விதி. சூடாகி ஆறிச் சூடாகும் ஒவ்வொரு சுற்றும் வெல்டிங் இணைப்புகளைக் களைப்பாக்கும். எத்தனை சுற்று ஓடியது, இதே இடத்தில் முன்பு எப்போது ஒழுகியது, வெட்டியெடுத்த ட்யூபை லேபுக்கு அனுப்பினார்களா, லேப் என்ன சொன்னது. இந்த நான்கு பத்திகளைச் சேர்க்க பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், இருக்கிற எக்செல் கோப்பே போதும்.