வில்லுக்கு வயது பார்ப்பது

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் கோயில் கொடைக்குப் போனால் என் கண் முதலில் போவது சாமியிடம் அல்ல, வில்லுப்பாட்டுக்காரரின் வில்லிடம். சுடலைமாடன் பொறுத்துக்கொள்ளட்டும்.

பழைய வில் என்றால் வைரம் பாய்ந்த பனை. கறுத்த மரத்தில் கைபட்ட இடம் மட்டும் வழுவழுவென்று மினுங்கும். வார்னிஷ் பூசிய வில்லில் மினுக்கம் எங்கும் ஒரே சீராக இருக்கும். குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிடும். வில்லில் கட்டிய மணியைக் கண்ணால் பார்த்துப் பயனில்லை. பாடுபவரின் கையிலுள்ள வீசுகோல் நாணில் விழட்டும். வெண்கலம் என்றால் ஒலி அடங்க நேரமாகும். தகரம் சலசலத்து உடனே செத்துப்போகும்.

தோல் நாண்தான் தொல்லை பிடித்தது. கடனா நதிப் பக்கம் சாரல் இறங்கினால் ஈரம் குடித்துத் தொய்யும், வெயிலில் மறுபடி முறுகும். ஈரமில்லாத மூலையில் வைத்துக் காப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

வில்லோடு சேர்த்து அடிக்கும் குடத்துக்குக் கவலையில்லை. மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சி பக்கத்திலேயே இருக்கிறது. விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல். உடைந்தால் வேறு வாங்கலாம், ஆனால் பழகிய குடத்தின் சுருதி புதுசில் சட்டென்று வராது.

விலையா? வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்காகப் பழைய வில்லைத் தேடி யாரும் சந்தைக்கு ஓடவில்லை. முத்துப்பட்டன் கதையை ராத்திரி முழுக்கத் தாங்கிய வில்லுக்கு எடைக்கடையில் விறகு விலைதான் போடுவார்கள். அதனால்தான் அது இன்னும் வீட்டு உத்திரத்தில் தொங்குகிறது.