வில்லன் யார்?

வில்லன்! திரையில் அவன் தலை காட்டியதும் கொட்டகையே சீறுகிறது. கன்னியைக் கவர்வான், கள்ளக் கையெழுத்திடுவான், கடைசிக் காட்சியில் காவலரிடம் சிக்குவான். வில்லேந்தியவன் என்று பொருள்படும் தமிழ்ச் சொல்லன்று அது. ஆங்கிலம் தந்த சொல். தீயவன் என்பது அதற்கு இன்றைய பொருள். பிறந்தபோது இருந்த பொருளோ, உழவன்!

ஆம், உழவன்தான். இலத்தீனில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறப் பண்ணை. அப்பண்ணையில் உழைத்தவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு மொழியின் வழியே அச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தது. 1086இல் வில்லியம் மன்னன் எடுப்பித்த 'டூம்ஸ்டே' என்னும் நிலக் கணக்கேட்டில், பதிவான மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் 'வில்லானுஸ்' என்ற இலத்தீன் பெயராலேயே குறிக்கப்பட்டனர். நாட்டுக்கு உணவளித்தவர்கள் அவர்கள். நாளடைவில் சட்டம் அவர்களைப் பண்ணையோடு பிணைத்தது. வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். அவன் இசைவின்றி ஊரை விட்டு அகலக் கூடாது. பெற்ற மகளை மணமுடித்துக் கொடுக்கவும் அவனுக்குப் பணம் கட்ட வேண்டும்!

உரிமையைப் பறித்தவர்கள் பெயரையும் விட்டுவைக்கவில்லை. உழவன் என்ற சொல் இழிகுலத்தான் என்றாயிற்று. இழிகுலத்தான் என்பது இழிகுணத்தான் என்றாயிற்று. இறுதியில் கொடியவன் என்றே நிலைத்துவிட்டது.

மொழிநூலார் இதனை 'இழிபொருட்பேறு' என்பர். நறுமணம் குறித்த 'நாற்றம்' இன்று தீய வாடையைக் குறிப்பதை எடுத்துக்காட்டாகவும் தருவர். பெயர் சரி, விளக்கம் போதுமா? மரத்துக் கனி தானே உதிர்வது போல் இச்சொல் உதிர்ந்ததா? இல்லை, தள்ளப்பட்டது.

சான்று வேண்டுமா? பழைய ஆங்கிலத்தில் 'க்னாஃபா', 'க்னிஹ்ட்' என்னும் இரண்டுமே சிறுவன், பணியாள் என்ற பொருளுடையன. முன்னது ஏவல் செய்தே கிடந்தது. 'நேவ்' ஆகிக் கயவன் என்ற பொருள் பெற்றது. பின்னது பிரபுவின் படையில் குதிரையேறிற்று. 'நைட்' ஆகி உயர்ந்த பட்டமாயிற்று. அந்தப் பிரபுவைக் குறிக்கும் 'லார்டு' என்பதன் பழம்பொருள் என்ன தெரியுமா? ரொட்டியைக் காப்பவன்! ரொட்டிக்குக் கோதுமை விளைத்தவன் கயவன். அதைக் காத்து வைத்துக்கொண்டவன் கனவான்!

உழவர் வாளா இருந்தனரா? 1381இல் வாட் டைலர் தலைமையில் இலண்டனுக்குள் புகுந்தனர். பண்ணையடிமை முறையை ஒழிக்கக் கோரினர். இரண்டாம் ரிச்சர்டு மன்னன் விடுதலைப் பட்டயம் எழுதித் தந்தான். டைலர் வெட்டுண்டு மாண்டபின் அதனைச் செல்லாதென்றான். வாக்குத் தவறியவன் மன்னன். வில்லன் என்ற பெயர் உழவனுக்கு! அம்முறை பின்னர் மெல்ல மெல்ல மறைந்தது. வசைச்சொல் மறையவில்லை.

அயல்நாட்டுக் கதைதானே என்று ஏட்டை மூடிவிடலாமா? ஆங்கில அகராதியில் 'பரையா' என்றொரு சொல் உண்டு. ஒதுக்கப்பட்டவன் என்பது பொருள். பிற நாடுகள் புறக்கணிக்கும் அரசையும் இன்று அச்சொல்லால் சுட்டுகின்றனர். அதன் வேர் தமிழ்! பறை முழக்கியும் வயலில் உழைத்தும் வாழ்ந்த மக்களின் பெயர் அது. ஐரோப்பியர் இங்கிருந்து எடுத்துச் சென்றனர். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் ஏறிற்று. ஒதுக்கியவர் யார் என்பதை அச்சொல் கூறுவதில்லை. ஒதுக்கப்பட்டவரின் பெயரையே இழிவின் அடையாளமாக்கி உலகெங்கும் சுமந்து திரிகிறது. ஐரோப்பியரை மட்டும் குறை கூறிப் பயனென்ன? இங்கே நாம் விளைத்த இழிவைத்தானே அவர்கள் கப்பலேற்றினர்!

ஆங்கிலம் கற்பிப்போர் இவ்விரு சொற்களுக்கும் பொருள் எழுதிப் போட்டதோடு அமைந்துவிடலாகாது. அப்பொருளை ஏற்றியவர் யார், ஏன் ஏற்றினர் என்பதையும் மாணவர்க்கு உரைத்தல் வேண்டும். உழைப்பவனின் பெயரை வசையாக வழங்குவதில்லை என்று நாமும் உறுதி கொள்ளல் வேண்டும். அகராதியில் பொருள் மாற நாளாகலாம். நம் நாவில் மாற்ற, நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.