குப்பை யாருடையது?

திண்டுக்கல் பேருந்து நிலையத்துப் பக்கம் விடியக் கருக்கலில் சாக்குப்பையோடு போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அட்டை, பாட்டில், தகரம், பால் கவர். பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் காசாக்கினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இதே வேலையைச் சேவைச் சங்கம் செய்தால் 'மறுசுழற்சி', சுற்றுச்சூழல் தொண்டு. எங்க அம்மாச்சி செய்தால் 'குப்பை பொறுக்குறவ'. இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் சாதி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் முன்மாதிரியாகச் சொல்லப்படுவது எக்ஸ்னோரா. 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கியது. தெருக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் பணம் போடுவார்கள். அதில் ஒரு மூன்று சக்கர வண்டி, ஓட்ட ஓர் ஆள். அவர் வீடுவீடாகக் குப்பை வாங்கி, விலை போவதைப் பிரித்து விற்று நாலு காசு பார்ப்பார். தெருமுனை நாறாது. பொறுக்கித் திரிந்தவருக்கு மாதச் சம்பளம். இதை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்', தெருவை அழகாக்குகிறவர். சங்கத்து உறுப்பினர் யார்? வீட்டுக்காரர். தலைவர், செயலாளர் யார்? வீட்டுக்காரர். அழகாக்குகிறவர்? சம்பளத்துக்கு வைத்த ஆள். பெயர் மட்டும் மேலே ஏறியது, ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

2020இல் அரசும் இதைத்தான் செய்தது. துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். 2025 ஆகஸ்டில் அதே தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்தபோது, ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

புனேயில் வேறு மாதிரி நடந்தது. அங்கே குப்பை பொறுக்குவோர் 1993இல் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் கண்டார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். மாநகராட்சி ஒப்புக்கொண்ட அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார்கள். அந்தச் சங்கத்திலிருந்து வந்ததுதான் 'ஸ்வச்' கூட்டுறவு. 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம். வீடுகள் தருகிற கட்டணம் குப்பை எடுக்கிற பெண்ணுக்கு. பிரித்து விற்ற காசும் அவருக்கே. அவர் யாருக்கும் கூலியாள் இல்லை, கூட்டுறவின் உறுப்பினர். ஊருக்கும் லாபம்தான்: கிடங்குக்குப் போகிற குப்பை குறைகிறது, லாரிச் செலவு மிச்சமாகிறது.

அப்ப புனே போதுமா? போதாது என்றுதான் படுகிறது.

திண்டுக்கல் தோல் பதனிட்ட ஊர். செத்த மாட்டை இழுத்து, உரித்து, கமலைக்கும் செருப்புக்கும் தோல் கொடுத்தார்களே, அதுவும் மறுசுழற்சிதானே? அன்றைக்கு அதற்குத் தீட்டு என்று பெயர். செத்த மாட்டை இழுக்காதீர்கள் என்று அம்பேத்கர் சொன்னபோது, தோலும் கொம்பும் விற்றால் வருஷத்துக்கு இவ்வளவு வருமே என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1956இல் நாக்பூர் உரையில் அவர் இதை நினைவுபடுத்தினார். அவ்வளவு லாபமென்றால் அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருடைய பதிலின் சாரம். குப்பையில் காசிருக்கிறது என்று இன்றைக்கு நமக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்கும் பதில் அதுதான்.

புனே கதையை அம்மாச்சியிடம் சொன்னேன்.

"அட்டை குடுத்தாகளா? வித்த காசும் அவுகளுக்கேவா? நல்லதுதான்யா. எனக்கும் வேணும். ஆனா அந்த அட்டையில நம்ம பிள்ளைக பேரு ஏறக் கூடாது."

உரிமையும் விடுதலையும் ஒரே மூச்சில் வந்தன. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மறக்கச் சொல்வதுதான் தொண்டு. நாளைக்கு ஒரு சங்கம் நம்ம ஊருக்கு வண்டியோடு வரட்டும், வரவேற்போம். கூடவே கேட்போம்: விற்ற காசு யாருக்கு? நிர்வாகக் குழுவில் நம்ம பெண்கள் எத்தனை பேர்? வீட்டுக்காரர் மகன் எப்போது வண்டி தள்ள வருவான்?