மந்திரச் சிறுமியும் தெய்வமாடும் பெண்ணும்

யப்பானிய அசையுஞ் சித்திரப் படங்களுள் மந்திரச் சிறுமியர் கதைகள் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. சாதாரணப் பள்ளி மாணவியொருத்தி ஒரு கண்ணாடியையோ கோலையோ பெறுகின்றாள், சில சொற்களை உச்சரிக்கின்றாள், சுழன்றாடுகின்றாள், உடை மாறுகின்றது, உலகைக் காக்கும் ஆற்றல் அவள்மீது வந்திறங்குகின்றது. இவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் பலர். பண்டைய ஐதீகங்களின் எச்சங்களை இவற்றிலே கண்டு வியந்து, அவ்வியப்போடு அமைந்துவிடுவோரும் உளர். நிலவிலே முயல் உண்டென்பது யப்பானியர் மரபு. ஆதலால் 'செயிலர் மூன்' நாயகி சுகினோ உசாகியின் பெயர் நிலவின் முயல் எனப் பொருள்படுகின்றது என்பர். உண்மையே. ஆயின், தெய்வமாடும் பெண்ணின் கையிலிருந்த கண்ணாடி பள்ளிச் சிறுமியின் கைக்கு எவ்வழியாக வந்தது, இடையிலே பறித்தவர் யார், விற்றவர் யார் என்னும் வினாக்களை இவர்கள் எழுப்புவதில்லை.

கி.பி. 3ஆம் நூற்றாண்டிலே யமத்தாய் நாட்டை ஆண்ட ஹிமிக்கோ என்னும் அரசியைப் பற்றிச் சீன வரலாற்றேடு கூறுகின்றது. அவள் மணஞ்செய்யாதவள், மக்கள் கண்ணில் அரிதாகவே பட்டவள், மாந்திரீகத்தால் மக்களை வசப்படுத்தியவள். ஆட்சிக் கருமங்களிலே தம்பி அவளுக்குத் துணைநின்றான். வெய் நாட்டு மன்னன் அவளுக்கு அனுப்பிய பரிசில்களுள் 100 வெண்கலக் கண்ணாடிகளும் இருந்தன. 712ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட 'கொஜிக்கி' என்னும் நூலிலும் கண்ணாடி வருகின்றது. குகையுள் ஒளிந்த சூரியதேவி அமத்தெரசுவை வெளிக்கொணரத் தேவர்கள் மரக்கிளையிலே கண்ணாடியைத் தொங்கவிடுகின்றனர். உசுமே என்னும் பெண்தெய்வம் கவிழ்த்த தொட்டியின்மீதேறி, உடை நெகிழ, மிதித்தாடுகின்றாள். அவ்வாட்டத்தைத் தெய்வமேறுதல் என்னும் பொருள்பட அந்நூல் குறிக்கின்றது. நாம் உருவாடுதல் என்பதும் இதனையே. கண்ணாடியும் ஆட்டமும் ஆவேசமும் இங்கு ஒருங்கே நிற்கின்றன. அவற்றின் பயனோ இருண்ட உலகுக்கு ஒளி மீள்வதாகும். ஆடியவளின் தனிப்பட்ட அழகோ புகழோ அன்று.

உருமாற்றக் காட்சியின் மூலத்தை அறிய விரும்புவோர் வடயப்பானின் இத்தாக்கோ எனப்படும் குருட்டுப் பெண்களை நோக்குதல் வேண்டும். இறந்தோரின் குரலாகப் பேசுவது அவர்கள் தொழில். பார்வையிழந்த ஏழைச் சிறுமிக்கு அந்நாட்டுப்புறத்திலே வேறு பிழைப்பு அரிது. ஆதலாற் பூப்பெய்துமுன்பே குருவான ஒருத்தியிடம் ஒப்படைக்கப்பட்டாள். குளிர்காலத்திலே தண்ணீரை மேலே வார்த்துக்கொள்ளுதல், உணவு குறைத்தல், உறக்கம் ஒழித்தல் ஆகிய கடுந்தவங்களின் முடிவில், வெள்ளாடையுடுத்த சிறுமி மயங்கி விழுவாள். தெய்வம் அவளை ஏற்றுக்கொண்டதென்பதே அதன் பொருள். பின்னர் எழுப்பப்பட்டு, மணப்பெண்ணின் வண்ண ஆடை அணிவிக்கப்படுவாள். வெண்மையிலிருந்து வண்ணத்துக்கு, சாவிலிருந்து மணத்துக்கு, உடையே அவளைக் கொண்டுசெல்கின்றது. திரையிலே ஒளிநாடாக்கள் சிறுமியின் உடலைச் சுற்றிப் புத்தாடையாகும் அக்கணங்களிலே இச்சடங்கின் நிழல் படிந்துள்ளது என்பது என் கருத்து. ஆயின் பசியும் குளிரும் அங்கு இல்லை. குறிசொல்லக் கேட்டு நிற்கும் ஊராரும் இல்லை.

ஊரார் எங்கே போயினர்? இங்குதான் வரலாறு குறுக்கிடுகின்றது. 1873ஆம் ஆண்டிலே மெய்ஜி அரசு, மீக்கோ எனப்பட்ட தெய்வமாடும் பெண்கள் குறிசொல்லுவதையும் ஆவியழைப்பதையும் மக்களை மயக்கும் செயலெனத் தடைசெய்தது. மூடநம்பிக்கை ஒழிந்தது நன்றென முற்போக்காளர் கைதட்டுதல் கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். சக்கரவர்த்தி சூரியதேவியின் வழித்தோன்றல் என்னும் ஐதீகத்தை அரச கோட்பாடாக உயர்த்தியதும் இதே அரசுதான். ஐதீகம் ஒழியவில்லை, ஏழைப் பெண்களின் வாயிலிருந்து பறிக்கப்பட்டு அரசின் வாய்க்கு மாற்றப்பட்டது. அதன்பின் ஆலயங்களிலே மீக்கோ என்னும் பெயரோடு எஞ்சியவள், வெண்மேலாடையும் செந்நிறக் கீழாடையும் அணிந்து, நடனமாடி, பணிவிடை செய்யும் கன்னி. தெய்வம் அவள்வழி பேசுவதில்லை. பெண்களுக்கு இயல்பாகவே தெய்வ ஆற்றல் உண்டு என்ற பாங்கில் நாட்டார் வழக்காற்று அறிஞர் யனகித்தா குனியோ எழுதினார். அவ்வியல்பைச் சட்டமொன்றினால் அடக்க முடிந்தது எங்ஙனம் என்பதற்கு அவ்வாதத்தில் விடையில்லை.

மந்திரச் சிறுமி தொலைக்காட்சியிலே 1966இல் 'மந்திரக்காரி சாலி'யாகத் தோன்றியபோது, அவளைத் தூண்டியது அமெரிக்கத் தொடரொன்றின் சூனியக்கார இல்லத்தரசியேயன்றி உள்ளூர்த் தெய்வமன்று. மூன்றாண்டுகளின் பின் வந்த 'இரகசிய அக்கோச்சான்' தொடரிலே கண்ணாடி மீண்டது. உடைந்த கண்ணாடியைக் குப்பையிலே எறியாது புதைத்து மரியாதை செய்கின்றாள் ஒரு சிறுமி. கண்ணாடியின் ஆவி தோன்றி மந்திரக் கண்ணாடியை அளிக்கின்றது. யப்பானிலே தையல் செய்வோர் ஒடிந்த ஊசிகளை மென்மையான சோயாக் கட்டியிலே குத்திவைத்து அஞ்சலி செலுத்தும் வழக்கம் உண்டு. உழைத்துத் தேய்ந்த கருவிக்கு நன்றி கூறும் உழைப்பாளர் பண்பு அது. இத்தொடரின் மிக அழகிய பகுதியும் அப்பண்பிலிருந்தே பிறந்தது. அக்கண்ணாடிப் பேழையோ விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது.

1992 முதல் 1997 வரை 200 பகுதிகளாக வெளிவந்த 'செயிலர் மூன்' தொடரிலே இவ்வணிகம் முழு வளர்ச்சி பெற்றது. அங்கே ஹினோ ரெய் என்பவள் ஆலயத்து மீக்கோ. தீயை நோக்கிக் குறியறிகின்றாள், மந்திரத் தாளெறிந்து தீய ஆவியை ஓட்டுகின்றாள். அரசு விட்டுவைத்த பணிப்பெண்ணின் உடையிலே, அரசு தடைசெய்த பெண்ணின் ஆற்றல்! மூன்றாம் பருவத்திலே கண்ணாடி, வாள், மணி என்னும் மூன்று பொருள்கள் சிறுமியரின் உள்ளத்திலே உறைவனவாகக் கூறப்படுகின்றன. சக்கரவர்த்தியின் அரசுரிமைச் சின்னங்களும் இம்மூன்றே. அரசன் உடைமையைச் சிறுமியர் நெஞ்சிலே வைத்த துணிவைப் பாராட்டுகின்றேன். ஆனால், பருவந்தோறும் நாயகிக்குப் புதிய கோலும் பதக்கமும் வேண்டப்படுவதன் காரணத்தைக் கதையிலே தேடுவதிலும் பண்டாய் கம்பனியின் விற்பனைப் பட்டியலிலே தேடுவதே பொருத்தம்.

2011இல் வெளிவந்த 'மந்திரச் சிறுமி மடோக்கா மகிக்கா' இவ்வுண்மையைக் கதைக்குள்ளேயே கொணர்ந்தது. உரோபுச்சி கென் எழுதிய இத்தொடரிலே கியூபே என்னும் சிறு பிராணி ஒரு விருப்பத்தை நிறைவேற்றித் தருவதாகக் கூறிச் சிறுமியரிடம் ஒப்பந்தம் பெறுகின்றது. கைப்பெற்றபின், அவர்களது ஆன்மா உடலினின்று பிரிக்கப்பட்டு மணியொன்றில் அடைக்கப்பட்டிருத்தல் தெரியவருகின்றது. ஏன் முன்பே சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்கின்றது அது. தோட்டத்துரையின் கங்காணியும் இதனினும் நன்றாகக் கூறியிருக்க மாட்டான். நம்பிக்கை அவநம்பிக்கையாகும் கணத்திலே சிறுமி சூனியக்காரியாக மாறுகின்றாள். அப்போது வெளிப்படும் சக்தியே கியூபேயின் இனத்தார் சேகரிக்கும் இலாபம். ஹிமிக்கோவை நினைவூட்டும் அரசியொருத்தியையும் அது தன் பழைய ஒப்பந்தக்காரருள் ஒருத்தியாகக் காட்டுகின்றது. தெய்வமேறும் பெண்ணின் துன்பத்தை இக்கலைவடிவம் இத்துணை நேர்மையோடு முன்னர் நோக்கியதில்லை.

முடிவிலேதான் இத்தொடர் தளர்கின்றது. மடோக்கா தன்னையே பலியாக்கித் தெய்வமாகி, சிறுமியர் சூனியக்காரிகளாவதைத் தடுக்கின்றாள். ஆயினும் புதிய உலகிலும் சிறுமியர் போரிடுகின்றனர். வேறு பகைகள் தோன்றியுள்ளன. கியூபேயும் தன் சேகரிப்பைத் தொடர்கின்றது. ஒப்பந்தத்தின் கொடிய வாசகமொன்று நீக்கப்பட்டது, ஒப்பந்தம் இருக்கின்றது. பன்னிரண்டு பகுதிகளிலும் சிறுமியரைத் தனித்தனியே கைப்பற்றியதே அப்பிராணியின் வெற்றி. அவர்கள் ஒன்றுகூடி ஒப்பமிட மறுக்கும் காட்சியை எழுத உரோபுச்சியின் பேனா ஒருப்படவில்லை.